ஊர்க் கலைஞர்களுக்கு விருது விழா: மதுரை அனுபவத்திலிருந்து படிப்படியான வழிகாட்டி

மதுரையில் எங்கள் பகுதிக் குழுவோடு சேர்ந்து ஊர்க் கலைஞர்களுக்கு விருது கொடுக்கும் வேலையைச் சில வருடங்களாகச் செய்துவருகிறேன். புதிதாகத் தொடங்கும் குழுக்கள் எங்களிடம் வந்து கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: “சிறப்பு விருந்தினராக யாரைக் கூப்பிடலாம்?” இந்த வழிகாட்டியில் அந்தக் கேள்வி ஒன்பதாவது படியில்தான் வருகிறது. முதல் எட்டுப் படிகளைத் தாண்டிக் குதித்த விழாக்களில் மேடை நன்றாக இருந்தது, ஆனால் விருது போக வேண்டிய ஆளுக்குப் போகவில்லை.

மதுரையை உதாரணமாக வைத்து எழுதுகிறேன். உங்கள் ஊரின் கலைகளும் மாதங்களும் வேறாக இருக்கலாம். படிகளின் வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஐந்து முதல் ஏழு பேர் போதும். அதில் இரண்டு பேராவது வெயிலில் அலையத் தயாராக இருப்பவர்களாக, கலைஞர் வீட்டுத் திண்ணையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து கேட்கும் பொறுமை உள்ளவர்களாக இருக்க வேண்டும். ஒருவர் கணக்கை மட்டும் பார்க்கட்டும். அவருக்கு வேறு வேலை வேண்டாம்.

குழுவின் பெயரில், இருவர் கையெழுத்திட்டு இயக்கும் வங்கிக் கணக்கு வேண்டும். ஒருவருடைய ஜிபேயில் நன்கொடை வாங்கத் தொடங்கினால், எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் மூன்றாம் மாதம் அவர்மேல் பேச்சு வரும்.

ஐந்து மாத அவகாசம் வேண்டும். “ரெண்டு மாசத்துல முடிச்சிரலாம்” என்று இறங்கிய குழுக்கள் எல்லாம் ஆறாவது படியை, அதாவது கலைஞரை அவர் இடத்திலேயே போய்ப் பார்ப்பதை, விட்டுவிட்டுத்தான் முடித்தன. விடக்கூடாத படியே அதுதான்.

1. ‘உள்ளூர்’ எதுவரை என்று எழுதிவையுங்கள்

முதல் கூட்டத்திலேயே இதை முடிவு செய்யுங்கள். மதுரை மாநகராட்சிக்கு 100 வார்டுகள். ஆனால் கலைஞர்கள் வார்டு எல்லை பார்த்துக் குடியிருப்பதில்லை. பொம்மை செய்கிறவர்கள் விளாச்சேரியில் இருக்கிறார்கள், பறை அடிக்கிறவர்கள் அலங்காநல்லூர் பக்கம் இருக்கிறார்கள்.

பிறந்த ஊரை அளவுகோலாக வைக்காதீர்கள். ஊர்த் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கும் ஸ்பெஷல் நாடகத்தின் நடிகர்களில் பலர் வேறு மாவட்டங்களில் பிறந்து, தொழிலுக்காக மதுரைக்கு வந்து இங்கேயே குடும்பமாகிவிட்டவர்கள். பிறப்பை வைத்தால் அவர்களெல்லாம் விடுபட்டு, சென்னையில் குடியேறிப் பெயர் வாங்கியவர் உள்ளே வந்துவிடுவார். “கடந்த ஐந்து ஆண்டுகளாக இந்த எல்லைக்குள் குடியிருந்து கலைத்தொழில் செய்பவர்” என்று எழுதினால் சண்டை குறையும்.

2. விருதுத் தொகையை முதலில் தனியே எடுத்துவையுங்கள்

மண்டபத்துக்கும் பந்தலுக்கும் கொடுத்ததுபோக மிஞ்சுவதைக் கலைஞருக்குக் கொடுப்பதுதான் பொதுவான பழக்கம். இதைத் தலைகீழாக மாற்ற வேண்டும். விருதுத் தொகை முழுவதும் வங்கியில் விழுந்த பிறகுதான் மண்டபத்துக்கு முன்பணம் கட்ட வேண்டும் என்று விதியாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

கணக்கு எப்படி இருக்கலாம் என்பதற்கு ஒரு மாதிரி. மொத்தம் 3 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். ஒன்பது தனிநபர்களுக்குத் தலா 15,000, ஒரு குழுவுக்கு 25,000. இதிலேயே 1,60,000 போய்விடும். விழாவில் நிகழ்ச்சி நடத்தும் இரண்டு செட்டுகளுக்கு (கலைக்குழுக்களுக்கு) சம்பளம் 40,000. விருது பெறுவோரின் போக்குவரத்துக்கும் அன்றைய வருமான இழப்புக்கும் 15,000. களத்துக்கு அலைய 10,000. மண்டபம், மைக் செட், நாற்காலி, விளக்குக்கு 40,000. சாப்பாடு 20,000. ஷீல்டு, சால்வை, சிறு மலர் அச்சிட 15,000. பாதிக்கு மேல் விருதாகக் கலைஞர் கைக்குப் போகிறதா என்று மட்டும் பாருங்கள். போகாவிட்டால் விருதுகளின் எண்ணிக்கையைக் குறையுங்கள், தொகையைக் குறைக்காதீர்கள். ஐந்து பேருக்கு 15,000 கொடுத்தால் ஒரு வீட்டு வாடகை பாக்கி தீரும், ஒரு தவிலுக்குத் தோல் மாற்ற முடியும். ஐம்பது பேருக்கு ஷீல்டு கொடுத்தால் ஐம்பது ஷீல்டுதான்.

காசோலை எழுதும் முன் பாஸ்புக்கின் முதல் பக்கத்தைப் பாருங்கள். ஒரு வருடம் நாங்கள் எல்லாக் காசோலைகளையும் மேடைப் பெயரில் எழுதிவிட்டோம். ஊரே அந்தப் பெயரில்தான் அவர்களை அழைக்கிறது. வங்கியில் இருந்தது வேறு பெயர். நாடகத்தில் ஸ்திரீபார்ட் (பெண் வேடம்) போடும் வயதான நடிகை ஒருவர் அந்தக் காசோலையோடு மூன்று முறை வங்கிக்கு நடந்தார். தவறு எங்களுடையது, அலைச்சல் அவருக்கு. இப்போது விழாவுக்கு முந்தைய நாளே பணத்தைக் கணக்கில் செலுத்திவிடுகிறோம். மேடையில் கொடுப்பது ஷீல்டும் பாராட்டுப் பத்திரமும் மட்டும்தான்.

3. தேதியைக் கலைஞரின் காலண்டரைப் பார்த்துக் குறியுங்கள்

சித்திரையில் விழா வைக்க எல்லோருக்கும் ஆசை. மீனாட்சி திருக்கல்யாணம், அழகர் ஆற்றில் இறங்குவது என்று ஊரே கூடியிருக்கும். கலைஞர்களுக்கும் அப்போதுதான் ஓய்வில்லாத வேலை. மாசி, பங்குனி தொடங்கிக் கோடை முழுதும் ஸ்பெஷல் நாடகத்துக்குத் தேதி கிடைக்காது. ஆடியில் அம்மன் கோயில் விழாக்களுக்காக நையாண்டி மேளமும் கரகமும் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கும். விநாயகர் சதுர்த்தியிலிருந்து நவராத்திரி வரை விளாச்சேரிக்காரர்களின் கையில் மண் காயாது. ஐப்பசி, கார்த்திகையில் மழை.

எங்களுக்குப் பொருந்தியது மார்கழி. கல்யாணம் கிடையாது, அதனால் நாதஸ்வரம், தவில்காரர்கள் மாலையில் ஓய்வாக இருப்பார்கள். கிராமத் திருவிழாக்களும் குறைவு. அதிலும் கிறிஸ்துமஸ் முடிந்து போகிக்கு முன்னால் உள்ள நாட்களே நல்லது, ஏனென்றால் பொம்மைக் கலைஞர்களுக்கு அதுவரை குடில் பொம்மை வேலை இருக்கும். அரையாண்டு விடுமுறையில் பள்ளிக்கூட அரங்குகளும் கிடைக்கும். சபரிமலைக்கு மாலை போட்டவர்கள் எப்போது புறப்படுகிறார்கள் என்பதை மட்டும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

4. பிரிவுகளை வகுக்கும்போது மேடைக்குப் பின்னால் நிற்பவர்களையும் எண்ணுங்கள்

பாட்டு, நடனம், ஓவியம், நாடகம் என்று நான்கு பிரிவு போட்டுவிட்டால் எளிது. ஆனால் நான்கிலும் முன்வரிசை ஆட்களே வருவார்கள். ஸ்பெஷல் நாடகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ராஜபார்ட் (கதாநாயகன்), ஸ்திரீபார்ட், பபூன் (கோமாளி) ஆகியோரை ஊருக்குத் தெரியும். ராத்திரி பத்து மணிக்குத் தொடங்கி விடியும்வரை ஆர்மோனியத்தில் கை எடுக்காமல் இருப்பவரையும், மிருதங்கக்காரரையும், ஒவ்வொரு அசைவுக்கும் சத்தம் கொடுக்கும் ஆல்ரவுண்டுக்காரரையும் யாரும் பரிந்துரைப்பதில்லை. நையாண்டி மேளத்தில் நாதஸ்வரக்காரர் பெயர் வரும், பம்பையும் உறுமியும் அடிப்பவர் பெயர் வராது.

அதனால் பக்கவாத்தியம், ஒப்பனை, கருவி செய்பவர் மற்றும் பழுது பார்ப்பவர் என்று மூன்று பிரிவுகளைத் தனியே வையுங்கள். சாயம் ஏற்றும் முன் சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடும் பெண்கள் கலைஞர்களா, தொழிலாளர்களா என்று எங்கள் குழுவில் ஒரு நாள் முழுக்க விவாதம் நடந்தது. மதுரைச் சுங்குடி புவிசார் குறியீடு பெற்ற கலை. அந்த முடிச்சைப் போடும் விரல்கள் கலைஞரின் விரல்களே என்று முடிவு செய்தோம். உங்கள் ஊரிலும் இப்படி ஒரு விவாதம் வரும். அதை நடுவர் கூட்டம்வரை தள்ளிப்போடாதீர்கள்.

வயதுப் பிரிவு வேண்டுமென்றால் தமிழ்நாடு அரசின் மாவட்டக் கலை மன்ற விருதுகளின் அமைப்பைப் பாருங்கள். 18 வயது வரை கலை இளமணி, 19 முதல் 35 வரை கலை வளர்மணி, 36 முதல் 50 வரை கலைச் சுடர்மணி, 51 முதல் 65 வரை கலை நன்மணி, அதற்கு மேல் கலை முதுமணி. இந்தப் பெயர்களையோ, தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றம் வழங்கும் ‘கலைமாமணி’ என்ற பெயரையோ உங்கள் விருதுக்கு வைக்காதீர்கள். அரசு விருது வாங்கியதாகக் கலைஞரும் உறவினரும் நம்பி, பிறகு ஒரு விண்ணப்பத்தில் அப்படியே எழுதிவிட்டால் சங்கடம் அவர்களுக்குத்தான்.

5. விண்ணப்பம் கேட்காதீர்கள், பரிந்துரை கேளுங்கள்

“விருதுக்கு விண்ணப்பிக்கலாம்” என்று அறிவித்தால் ஏற்கெனவே விருது வாங்கிப் பழகியவர்கள் கோப்போடு வருவார்கள். நாற்பது வருடம் வாசித்த ஒரு மனிதர் தனக்கே விருது கேட்டு மனுப் போட மாட்டார். அந்த ரோஷத்தை நாம் மதிக்க வேண்டும். ஊர்க்காரர் யாரும், சக கலைஞர் யாரும் இன்னொருவர் பெயரைச் சொல்லலாம், தன் பெயரைச் சொல்லக்கூடாது என்று வையுங்கள்.

படிவம் ஒரே பக்கம். பெயர், கலை, இருப்பிடம், தொடர்பு எண், “ஏன் இவருக்கு?” என்று நான்கு வரி. கூகுள் படிவம் இருக்கட்டும், ஆனால் அதை மட்டும் நம்பினால் கல்லூரி மாணவர்களின் குறும்படங்கள்தான் நிறைய வரும். வாட்ஸாப்பில் குரல் பதிவாகச் சொன்னாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். கேட்டு எழுத ஒருவரை உட்கார வையுங்கள்.

காகிதப் படிவத்தை எங்கே வைப்பது என்பதுதான் சூட்சுமம். நூலகத்தில் வைத்தோம், வாசகர்கள் எடுத்துப்போனார்கள். பிறகு நாடக நடிகர் சங்கத்துக்குப் பக்கத்து டீக்கடை, மேளம் பழுது பார்க்கும் கடை, நாடக உடை வாடகைக்குக் கொடுக்கும் கடை, கல்யாண மண்டப மேனேஜர் மேசை ஆகிய இடங்களில் வைத்தோம். அங்கிருந்து வந்த பெயர்களில் பாதி எங்களில் ஒருவருக்கும் தெரியாதவை.

குழுத் தலைவரிடம் கேட்டால் பெரும்பாலும் தலைவர் பெயரே வரும். “உங்க செட்டுல பம்பை யாரு? அவருக்குக் கத்துக்கொடுத்தது யாரு?” என்று கேளுங்கள். இரண்டாவது கேள்விக்கு வரும் பதிலைக் குறித்துக்கொண்டு நேரே அந்த வீட்டுக்குப் போங்கள். எங்கள் நல்ல விருதுகள் பலவும் அந்தக் கேள்வியிலிருந்து வந்தவை.

6. ஒவ்வொருவரையும் அவர் இடத்தில் போய்ப் பாருங்கள்

முதல் வருடம் நேரத்தை மிச்சப்படுத்த எல்லோரையும் ஒரே நாளில் ஒரு ஏசி அரங்குக்கு வரச்சொன்னோம். ஒரு மூத்த பறைக் கலைஞர் வந்தார். துணியில் சுற்றிய பறையை எடுத்து ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு, “கொஞ்சம் நெருப்பு கிடைக்குமா தம்பி?” என்று கேட்டார். குளிர்ச்சியில் தோல் தளர்ந்திருந்தது. தீயில் வாட்டினால்தான் தோல் இறுகி நாதம் வரும். அரங்கில் நெருப்பு வைக்க அனுமதி இல்லை. அப்படியே வாசித்தார். அடிக்குச்சி விழுந்த இடத்தில் மரப்பெட்டியைத் தட்டியதுபோல ஒரு சத்தம். இன்னொரு கையிலிருந்த மெல்லிய சிண்டுக்குச்சியின் பேச்சு கேட்கவே இல்லை. மதிப்பெண் குறைந்தது. அடுத்த மாதம் ஒரு கோயில் வாசலில், வைக்கோல் தீயில் காய்ச்சிய அதே பறையை அவர் அடிக்கக் கேட்டேன். தெருமுனையில் நின்றவர்களின் கால் தானாக ஆடியது. அன்றோடு அரங்கத் தேர்வை நிறுத்திவிட்டோம்.

கலைஞரை அவர் தொழில் செய்யும் இடத்தில், அந்த நேரத்தில் பாருங்கள். நாடகமென்றால் ராத்திரி இரண்டு மணிக்கு இருந்து பாருங்கள். முதல் அரைமணி நேரம் எல்லோரும் நன்றாகச் செய்வார்கள்.

சுவரில் விளம்பரம் எழுதிய ஓவியர்களிடம் ‘ஆதாரம்’ கேட்டால் ஒன்றும் இருக்காது. எழுதிய சுவரில் வெள்ளை அடித்துவிட்டார்கள், பலகைக்குப் பதில் ஃபிளெக்ஸ் வந்துவிட்டது, படம் எடுத்துவைக்க அன்று கேமரா இல்லை. அப்படிப்பட்ட ஒருவரோடு ஒரு காலைப்பொழுது நடந்தோம். ஒரு பூட்டிய கடையின் ஷட்டர் முன்னால் நின்றார். துருவுக்கு நடுவே அவர் எழுதிய ‘ஸ்டோர்ஸ்’ இன்னும் இருந்தது. மேலும் கீழும் நூலடித்த கோட்டின் தடம்கூடத் தெரிந்தது. நாங்கள் எடுத்த அந்தப் படம்தான் நடுவர்களுக்கு வைத்த ஆதாரம்.

பார்க்கப் போகும் இருவரும் ஒரே கேள்வித்தாளை வைத்துக்கொள்ளுங்கள்: எப்போதிலிருந்து, யாரிடம் கற்றார், யாருக்குக் கற்றுக்கொடுத்தார், கடந்த ஒரு வருடத்தில் எத்தனை நிகழ்ச்சி. படம், ஒலிப்பதிவு எடுக்கும் முன் சம்மதம் கேளுங்கள். “விருது உங்களுக்குத்தான்” என்ற வாக்குறுதியை, எவ்வளவு மனம் நெகிழ்ந்தாலும், அங்கே வாயிலிருந்து விட்டுவிடாதீர்கள். பிறகு கிடைக்காமல் போனால் அந்த வீட்டுக்கு நீங்கள் திரும்பப் போக முடியாது.

7. நடுவர் குழு

ஐந்து பேர். இரண்டு பேராவது கலையைத் தொழிலாகச் செய்பவர்கள், இரண்டு பேராவது பெண்கள். நன்கொடையாளர் நடுவராக வேண்டாம். ஏற்கெனவே பெரிய விருது பெற்றவர்களுக்கு இங்கேதான் இடம். மதுரையைச் சேர்ந்த பறையிசைக் கலைஞர் வேலு ஆசான் 2025-இல் பத்மஸ்ரீ பெற்றார். நாடறிந்த அளவுக்குப் போனவர்களை மறுபடியும் பட்டியலில் சேர்ப்பதைவிட, நடுவராகவோ விருதை எடுத்துக்கொடுப்பவராகவோ அழைப்பதுதான் பொருத்தம். வாங்குகிறவருக்கும் அது தனி மகிழ்ச்சி.

மதிப்பெண்ணை இப்படிப் பிரிக்கிறோம்: கலைத்தேர்ச்சிக்கு 40, கற்றுக்கொடுத்ததற்கு 25, விடாமல் செய்ததற்கு 20, ஊரோடு உள்ள பிணைப்புக்கு 15. ஒவ்வொருவரும் முதலில் தனியாகப் போட்டு உறையில் வைத்துவிட வேண்டும், அதன் பிறகுதான் பேச்சு. முதலிலேயே பேசத் தொடங்கினால் குரல் பெரிதாக உள்ளவர் சொல்வதே முடிவாகும். ஒரு பிரிவுக்குள் மட்டும் ஒப்பிடுங்கள். பொம்மையையும் தவிலையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். உறவினர், சீடர் பெயர் வந்தால் அந்த நடுவர் எழுந்து வெளியே போய்விட வேண்டும். இதைக் கூட்டக் குறிப்பேட்டிலும் எழுதுங்கள்.

பிரமுகர்களின் சிபாரிசுக் கடிதங்கள் வரும். வாங்கிக்கொள்ளுங்கள், நன்றி சொல்லுங்கள், நடுவர்முன் வைக்காதீர்கள். இதை முன்கூட்டியே விதியாக அச்சிட்டுவிட்டால் மறுப்பதற்குத் தனித் துணிச்சல் தேவைப்படாது.

8. முதலில் கலைஞருக்குச் சொல்லுங்கள், பிறகு ஊருக்கு

முடிவானதும் நேரில் போய்ச் சொல்லுங்கள். பத்திரிகையில் பார்த்துத் தெரிந்துகொள்ளும் நிலை யாருக்கும் வரக்கூடாது. சிலர் மறுக்கவும் கூடும். காரணம் கேட்டு வற்புறுத்தாதீர்கள்.

பாராட்டுரையை எழுதி, அச்சுக்கு அனுப்பும் முன் அவரிடம் படித்துக் காட்டுங்கள். பெயர், இனிஷியல், குருவின் பெயர், கலையின் பெயர் ஆகியவற்றை அவர் சொல்கிறபடியே எழுதுங்கள். ஒரே கருவியைச் சிலர் பறை என்பார்கள், சிலர் தப்பு என்பார்கள். எந்தச் சொல் தனக்கு மரியாதை என்பதை அவர்தான் சொல்ல வேண்டும்.

‘நலிந்த கலைஞர்’ என்ற சொல்லைத் தயவுசெய்து எங்கேயும் போடாதீர்கள். அவர் வருமானம் நலிந்திருக்கலாம், கலை நலியவில்லை. பேரன் பேத்தி உட்கார்ந்திருக்கும் சபையில் அவரை அந்தச் சொல்லால் அழைக்க நமக்கு உரிமையில்லை.

9. விழா நாள்

இப்போது சிறப்பு விருந்தினர். அவரிடம் இரண்டு விஷயங்களை முதலிலேயே சொல்லிவிடுங்கள்: பேச்சு ஐந்து நிமிடம், அதுவும் விருது வழங்கி முடிந்த பிறகு. வாழ்த்துரைகளை முதலில் வைத்தால் எட்டு மணிக்கு மேல் ஷீல்டுகளை அவசர அவசரமாகக் கையில் திணிக்க வேண்டியிருக்கும். இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்கு அனுமதி இல்லை. காவல் நிலைய அனுமதியையும் பத்து நாளுக்கு முன்பே வாங்கிவிடுங்கள்.

மேடையில் நாற்காலி கலைஞர்களுக்கு. விருந்தினர்கள் முன்வரிசையில் உட்காரட்டும், முறை வரும்போது மேலே வரட்டும். ஒவ்வொரு கலைஞரைப் பற்றியும் இரண்டு நிமிடம் வாசியுங்கள், பிறகு அவர் கையில் மைக்கைக் கொடுங்கள். என்ன பேசுவதென்று தெரியாமல் நிற்பவர்கள் இருப்பார்கள். “உங்க வாத்தியார் பேரைச் சொல்லுங்கய்யா” என்று மெதுவாகச் சொன்னால் போதும், அதிலிருந்து தானாகப் பேச்சு வரும்.

விருது வாங்க வந்தவரை “அப்படியே ஒரு பாட்டு பாடுங்க” என்று கேட்காதீர்கள். அவர் அன்று கௌரவிக்கப்பட வந்தவர். நிகழ்ச்சிக்குச் சம்பளம் பேசி வேறு செட்டை அழையுங்கள். அவர்களுக்குப் பூட்டுள்ள உடைமாற்றும் அறை, தண்ணீர் வரும் கழிப்பறை, மேடை ஏறும் முன் சாப்பாடு மூன்றும் வேண்டும். பெண் கலைஞர்கள் எங்களிடம் திரும்பத் திரும்பச் சொன்ன குறை கழிப்பறைதான், சம்பளம்கூட இல்லை.

மாட்டுத்தாவணி, ஆரப்பாளையம் பேருந்து நிலையங்களிலிருந்து யாருக்குக் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று ஒரு தாளில் எழுதி ஒருவர் பையில் வைத்துக்கொள்ளட்டும். எழுபது வயதுக்காரரை ஷீல்டும் மாலையுமாகப் பேருந்து நிறுத்தத்தில் நிற்கவிடாதீர்கள். ஆட்டோ பேசி வீட்டு வாசல்வரை அனுப்புங்கள். இரண்டாம் படியில் எடுத்துவைத்த 15,000 இதற்கும் சேர்த்துத்தான்.

10. மறுநாள் தொடங்கி ஒரு மாதம்

முதல் வாரத்தில் வரவு செலவை ஒரு பக்கத்தில் எழுதி நன்கொடையாளர்களுக்கும் கலைஞர்களுக்கும் கொடுங்கள். அடுத்த வருடப் பணம் இந்தத் தாளைப் பார்த்துத்தான் வரும்.

இரண்டாவது வாரத்தில் படங்களை அச்சிட்டுக் கொண்டுபோய்க் கொடுங்கள். வாட்ஸாப்பில் அனுப்பினால் பல வீடுகளில் அது பேரனின் போனோடு போய்விடும்.

பிறகு, தமிழ்நாடு நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் உறுப்பினரா என்று ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். கல்வி, திருமணம், விபத்து உள்ளிட்ட உதவிகள் உறுப்பினர்களுக்கு உண்டு. இல்லையென்றால் ஆதார், வயதுச் சான்று, படங்களோடு கலை பண்பாட்டுத் துறையின் மண்டல அலுவலகத்துக்கு அவருடன் ஒருவர் போங்கள். நீங்கள் எழுதிய பாராட்டுரையும் களத்தில் எடுத்த படங்களும், அதுவரை காகிதமே இல்லாதவருக்கு முதல் ஆதாரமாகக் கூடும். மாவட்டக் கலை மன்ற விருதுக்கு வயதும் தகுதியும் உள்ளவர்களின் பெயர்களையும் இதே நேரத்தில் குறித்து வையுங்கள்.

கடைசியாக, இந்த வருடம் பரிந்துரைக்கப்பட்டு விருது கிடைக்காதவர்களின் பட்டியலை எடுங்கள். ஒவ்வொருவருக்கும் போன் செய்து பெயர் அடுத்த ஆண்டுக்கும் இருக்கிறது என்று சொல்லுங்கள். எண்பது வயதைத் தாண்டியவர்களின் பெயருக்கு நேரே சிவப்பு மையில் ஒரு கோடு போடுங்கள். அடுத்த சுற்றில் முதலில் போக வேண்டிய வீடுகள் அவை. எங்கள் நோட்டில் அப்படிக் கோடு போட்ட நான்கு பெயர்களில் ஒருவரை நாங்கள் போவதற்குள் இழந்துவிட்டோம்.